பனி எங்கே என்று கேட்கிறார்கள்

கேள்வி: அக்கா, வணக்கம். நாங்கள் மூன்று பேர், சேலத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். எனக்கு ஊர் ஏற்காடு. அப்பா காப்பித் தோட்டத்தில் மேஸ்திரி. 2020 லாக்டவுனில் அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு சின்ன கேம் செய்தோம். ஏற்காடு மலைப்பாதை, கடும் பனி, எதிரே ஒன்றும் தெரியாது. வண்டிகளின் ஹாரன் சத்தத்தை வைத்து எந்தக் கொண்டை ஊசி வளைவில் நிற்கிறோம் என்று கண்டுபிடித்து மேலே ஏற வேண்டும். மதிப்பெண் இல்லை, எதிரி இல்லை, தோற்கவும் முடியாது. இலவசமாக விட்டோம். நாங்களே நினைக்காத அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். 2022இல் அதையே பெரிதாக்கி, கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் விலைக்கு விட்டோம். சுமாராக விற்றது. அந்தப் பணத்தில் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தோம்.

இப்போது மூன்றாவது கேம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறை, அதில் கொலுசு செய்ய வேண்டும். சேவ் வசதி கிடையாது. தப்பாகப் பற்றவைத்தால் தப்புதான். அந்தக் கொலுசை யாரோ வாங்கிப் போட்டுக்கொண்டு போவார்; அந்தத் தப்பான சத்தம் கடைசிவரை தெருவில் கேட்டுக்கொண்டே இருக்கும். எட்டு மாதம் முன்பு எர்லி ஆக்சஸில், அதாவது முழுதாக முடியும் முன்பே விலைக்கு விடும் முறையில், விட்டோம். அன்றோடு நிம்மதி போச்சு. 'பனி எங்கே?' என்கிறார்கள். 'காசு பார்த்ததும் மாறிவிட்டீர்கள்' என்கிறார்கள். புதிதாக வந்தவர்கள் பழைய கேமுக்குப் போய் 'வெறும் நடை, இதில் என்ன இருக்கிறது' என்று எழுதுகிறார்கள். 2020இல் தினமும் எங்களுக்கு நீளநீளமாக அன்பாக எழுதிய ஒருவர் இப்போது தினமும் திட்டி எழுதுகிறார். ராத்திரி படித்தால் தூக்கம் போய்விடுகிறது. எங்களில் ஒருவன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பனி கேமின் இரண்டாம் பாகம் செய்யலாம் என்கிறான். இன்னொருத்தி, அப்படியென்றால் நான் வரவில்லை என்கிறாள். அப்பாவோ, 'காப்பிச் செடியே நாலு வருஷத்தில் காசு கொடுத்துவிடுமேடா' என்கிறார். ரசிகர்கள் கேட்பதைச் செய்வதா, நாங்கள் நினைத்ததைச் செய்வதா? பெயர் போட வேண்டாம்.

– ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி,

அக்கா என்று எழுதிவிட்டீர்கள், நானும் உரிமையோடு தம்பி என்றே ஆரம்பிக்கிறேன். பதில் பத்து நாள் தள்ளிப்போனதற்குக் காரணம், உங்கள் கேம்களை விளையாடாமல் எழுதக்கூடாது என்று நினைத்ததுதான். பனி கேமை ஒரே ராத்திரியில் முடித்தேன். முடித்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பதினாலாவது வளைவில் நிற்கும் அந்த லாரிக்குப் பின்னால் வெகுநேரம் சும்மா நின்றுகொண்டிருந்தேன். நான் சேலத்துக்காரி, சின்ன வயதில் அந்த இருபது வளைவிலும் வாந்தி எடுத்தவள். அந்த மலைப்பாதையில் நிம்மதியாக நின்றது இதுதான் முதல் தடவை.

கொலுசு கேமை நாலு நாள் விளையாடினேன். என் முதல் கொலுசு கொக்கிக்குப் பக்கத்தில் கோணிவிட்டது. அதை ஒரு பள்ளிக்கூடப் பெண் வாங்கிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் தெருவில் போகும்போதெல்லாம் ஒரு கால் மட்டும் அடைத்த குரலில் ஒலித்தது. எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. என்னைக் கேட்டால் இதுதான் நீங்கள் செய்ததிலேயே நல்ல கேம். இதை முதலில் சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் இனிமேல் கொஞ்சம் திட்டப்போகிறேன்.

கொலுசு கேமின் ஸ்டீம் பக்கத்தை நீங்கள் கடைசியாக எப்போது வெளியாள் மாதிரி திறந்து பார்த்தீர்கள்? நான் பார்த்தேன். மேலே பெரிய படம். பட்டறை ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சேர்வராயன் மலை, மலை உச்சியில் பனி. அதன் கீழே முதல் வரியே, பனி கேமைத் தந்தவர்களின் 'அடுத்த பயணம்' என்கிறது. பட்டறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊதுகுழலை ஊதுவதில் என்ன பயணம், தம்பி? இரண்டு மணி நேரம் ஆன பிறகும் நான் அந்த ஜன்னலைத் திறக்க வழி தேடிக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தை முன்பே படித்துவிட்டு உட்கார்ந்த எனக்கே இந்தக் கதி என்றால், காசு கொடுத்து வந்தவர் 'பனி எங்கே' என்று கேட்காமல் என்ன செய்வார்? அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்ததே நீங்கள்தான்.

அது சின்ன விஷயம், ஒரு படத்தை மாற்றினால் தீர்ந்துவிடும். பெரிய விஷயம் அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே இருக்கிறது. எர்லி ஆக்சஸ் பற்றி எழுதிய பகுதியில், 'வரும் மாதங்களில் இருவர் சேர்ந்து விளையாடும் வசதி வரும்' என்று போட்டிருக்கிறீர்கள். எட்டு மாதமாயிற்று. எனக்கு எழுதிய இவ்வளவு நீளமான கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ரிவ்யூக்கள் அத்தனையையும் படித்தேன், ஐம்பதுக்கும் குறைவுதானே. பனி கேட்டுச் சண்டை போடுகிறவர்கள் நிறைய. அதற்கு நடுவில் நாலைந்து பேர், 'தங்கையோடு விளையாடலாம் என்று வாங்கினேன், அந்த வசதி எப்போது வரும்?' என்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவருக்கும் நீங்கள் பதில் எழுதவில்லை. 'மாறிவிட்டீர்கள்' என்று கத்தியவருக்கு மட்டும் முழுப்பக்க விளக்கம்.

நீங்கள் கேட்ட கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்டுக்கொள்கிறேன். ரசிகர்கள் கேட்பதில் எது நீங்கள் கொடுத்த வாக்கு, எது அவர்களுடைய ஆசை? பனி ஆசை. அதற்கு நீங்கள் யாருக்கும் பாக்கி இல்லை. இருவர் விளையாட்டு நீங்கள் எழுதிக்கொடுத்த வாக்கு. அதை நம்பிக் காசு கொடுத்திருக்கிறார்கள். சத்தம் போடுகிறவர்களுக்குக் கடன்பட்ட மாதிரி நடுங்குகிறீர்கள், நிஜமான கடன்காரர்கள் வாசலில் அமைதியாக நிற்கிறார்கள். எர்லி ஆக்சஸ் 2013இல் வந்தது. அதில் விற்பவர்களுக்கு ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனி சொல்லி வைத்திருக்கும் விதிகளிலேயே இது இருக்கிறது: வரப்போவதைப் பற்றிக் குறிப்பான வாக்குறுதி கொடுக்காதீர்கள், கேம் இன்றைக்கு இருக்கிற நிலையைப் பார்த்து வாங்குகிற மாதிரி விற்றுக்கொள்ளுங்கள் என்று. யாரும் அதைப் படிப்பதில்லை, டிக் அடித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

என் கதையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உபதேசமாகிவிடும். பெங்களூரில் பதினைந்து வருஷம் கேம் கம்பெனிகளில் இருந்தேன். முதலில் டெஸ்டிங், அப்புறம் தயாரிப்பு, கடைசி ஆறு வருஷம் விளையாடுகிறவர்களின் புகாரைப் படித்துப் பதில் எழுதுகிற வேலை. அதில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். நாங்கள் செய்துகொண்டிருந்த கேமின் முன்னோட்ட வீடியோவில் ஓவியர் ஒருவர் ஏரிக்கரையில் ஒரு படகை வரைந்து வைத்தார். வெறும் அலங்காரம். மறுநாளே ஒருவர், 'படகு ஓட்டலாமா?' என்று கேட்டார். மேலிடத்தில் கேட்டேன். 'ஒன்றும் சொல்லாதே, ஆர்வம் வளரட்டும்' என்றார்கள். நான் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையை மட்டும் போட்டேன். ஆறே மாதத்தில் படகில் மீன் பிடிக்கலாம், அக்கரையில் ஒரு தீவு இருக்கிறது என்று ரசிகர்களே வரைபடம் போட்டுவிட்டார்கள். கேம் வந்தது. படகு கரையிலேயே நின்றது. 'படகு எங்கே' என்ற கேள்விக்கு இரண்டு வருஷம் பதில் எழுதினேன். மேலிடம் சொன்னதுதான் என்றாலும் அந்தப் பொம்மையைப் போட்டது என் விரல்.

இதையே உலகம் முழுக்கப் பார்த்த ஒரு கதையும் உண்டு. இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு ஊரில் ஹலோ கேம்ஸ் என்ற சின்னக் குழு. அதுவரை அவர்கள் பெயர் வாங்கியிருந்தது ஜோ டேஞ்சர் என்ற பைக் சாகச விளையாட்டில். 2016 ஆகஸ்டில் நோ மேன்ஸ் ஸ்கையை வெளியிட்டார்கள். எண்ணவே முடியாத அளவு கிரகங்கள், எங்கே வேண்டுமானாலும் போகலாம். இன்னொரு ஆளைச் சந்திப்பது அபூர்வம், ஆனால் முடியும் என்று பேட்டிகளில் பேச்சு இருந்தது. வெளியான உடனேயே இரண்டு பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. அப்புறம் நடந்தது ஊரறிந்தது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் வரைக்கும் புகார் போனது. விளம்பரம் விதியை மீறவில்லை என்று அந்த நவம்பரில் ஆணையம் சொல்லிவிட்டது. கோபம் அதனால் தணிந்துவிட்டதா என்றால், இல்லை. சட்டப்படி தப்பில்லை என்ற காகிதத்தைக் காட்டி யாரையும் சமாதானப்படுத்த முடியாது. அந்தக் குழு வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தது. ஒன்றன்பின் ஒன்றாக இலவசமாகவே அப்டேட் கொடுத்தது. 2018 ஜூலையில்தான் ஆளும் ஆளும் நிஜமாகவே ஒன்றாக விளையாட முடிந்தது. இன்றைக்கு அது மன்னிக்கப்பட்ட கேம்.

இதைச் சொன்னதும் உங்கள் நண்பர்கள், 'பார்த்தாயா, நாமும் பேசாமல் வேலையைப் பார்ப்போம்' என்பார்கள். வேண்டாம். அவர்களுடைய கேம் திட்டு வாங்குவதற்கு முன்பே ஏராளமாக விற்றிருந்தது. வருஷக்கணக்கில் மௌனமாக இருக்கக் கையில் பணம் இருந்தது. உங்களுக்கு மாதம் பிறந்தால் அஸ்தம்பட்டி வீட்டுக்காரர் மாடியேறி வருவார்.

மௌனம் வேறு விதமாகப் பலித்ததும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் இருக்கிற டீம் செர்ரி, மூன்று பேரை மையமாக வைத்த குழு, உங்களைப் போலவே. 2017இல் ஹாலோ நைட் வந்தது. மக்களிடம் நிதி திரட்டியபோது இன்னொரு பாத்திரமாகவும் விளையாட வைக்கிறோம் என்று ஒரு வாக்கு கொடுத்திருந்தார்கள். அந்தச் சின்ன வேலை வளர்ந்து வளர்ந்து தனி கேமாகவே ஆயிற்று. சில்க்சாங் என்று 2019 பிப்ரவரியில் அறிவித்தார்கள். வந்தது 2025 செப்டம்பரில். நடுவில் ஆறரை வருஷம், பெரும்பாலும் பேச்சே இல்லை. ரசிகர்கள் புலம்பினார்கள், கேலி செய்தார்கள், 'இன்றைக்கும் வரவில்லை' என்று நாள் கணக்கு எழுதினார்கள். ஆனாலும் அந்தப் புலம்பலில் விஷம் குறைவு. நான் இரண்டு காரணம் பார்க்கிறேன். முன்பதிவு என்று யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை. அன்றைக்கு நிதி கொடுத்து அந்த வாக்குக்கு உரியவர்களாக இருந்தவர்களுக்குப் புது கேம் இலவசம் என்று அறிவித்த அன்றே சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தவர்களுக்குப் பாக்கி தீர்ந்தது. மற்றவர்களுக்கு இருந்தது காத்திருப்பு மட்டும். நீங்களோ காசு வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறீர்கள். அதுதான் வித்தியாசம்.

சரி, வளைந்து கொடுத்தால் என்ன ஆகும்? உங்கள் நண்பர் கேட்பது அதுதானே. பெல்ஜியத்தில் டேல் ஆஃப் டேல்ஸ் என்று இரண்டே பேர், கணவன் மனைவி. கேம் என்ற சொல்லையே சந்தேகப்பட்டவர்கள். 2008இல் தி கிரேவ்யார்ட் என்று ஒன்று செய்தார்கள். ஒரு பாட்டி கல்லறைத் தோட்டத்தில் மெல்ல நடந்துபோய் பெஞ்சில் உட்காருவார், ஒரு பாட்டு ஒலிக்கும், திரும்பி நடந்து வருவார். அவ்வளவுதான். இலவசமாகவே இதைப் பார்த்துவிடலாம். காசு கொடுத்தால் கூடுதலாக ஒன்றே ஒன்று: அந்தப் பாட்டி இறந்தும் போகலாம். எனக்கு அது இன்றைக்கும் ஆச்சரியமான விற்பனை. வாங்கியவருக்குத் தான் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதில் துளிக் குழப்பம் இருந்திருக்காது. ரசிகர்கள் குறைவு, ஆனால் தெரிந்து வந்தவர்கள். 2015இல் அவர்களே சன்செட் என்று ஒன்றைச் செய்தபோது, இந்தத் தடவை வழக்கமாகக் கேம் விளையாடுகிறவர்களுக்கும் பிடிக்கட்டும் என்று நினைத்தார்கள். பழகிய கட்டுப்பாடுகள், மூன்று அங்கக் கதை, விளம்பரச் செலவு. முதல் மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பிரதிகள்தான் போயின, அதிலேயே முன்கூட்டி நிதி கொடுத்தவர்களும் அடக்கம். விற்பனைக்குக் கேம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள்.

இதிலிருந்து வளையவே கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வளையாமல் காணாமல் போனவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கதையைச் சொல்ல ஆளில்லை. நான் சொல்ல வருவது வேறு. புது ஆட்களைப் பிடிக்க வளைந்தவர்களுக்கு அந்தப் புது ஆட்கள் வந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பனி இரண்டாம் பாகத்துக்கும் அதுவேதான். 2020இல் வந்த கூட்டம் அப்படியே திரும்பி வரும் என்று உங்கள் நண்பர் கணக்குப் போடுகிறார். அந்தக் கூட்டம் இப்போது எங்கே இருக்கிறது?

இதை நான் மூன்று நாள் யோசித்தேன். லாக்டவுனில் ஜனங்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். எங்கும் போக முடியாது, எப்போது முடியும் என்றும் தெரியாது. அப்போது நீங்கள் இலவசமாக ஒரு மலைப்பாதையைத் திறந்துவிட்டீர்கள். தோற்கவே முடியாத கேம். யாரும் அவசரப்படுத்தாத இடம். அன்றைக்கு அது ஒரு கேமாகவே இருந்திருக்காது, மொட்டைமாடி மாதிரி இருந்திருக்கும். இப்போது அதே ஆளுக்கு வேலை, பிள்ளை, ராத்திரி பத்து மணிக்கு மேல் கிடைக்கும் முக்கால் மணி நேரம். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தப்பைத் திருத்தவே முடியாத பட்டறையில் வேலை கொடுக்கிறீர்கள். அவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? நீங்கள் மாறியதைவிட அவர் மாறியது அதிகம். பனியை இன்றைக்கு அப்படியே திருப்பிக் கொடுத்தாலும், 'அன்றைக்கு மாதிரி இல்லையே' என்றுதான் எழுதுவார்.

தினமும் திட்டி எழுதுகிறவரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவர் 2020இல் எழுதியதையும் நீங்கள் அனுப்பியிருந்தீர்கள். படித்தேன். அது கேமைப் பற்றிய கடிதமே இல்லை. தனியாக இருந்த ஒரு மனிதர் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எழுதியது. நீங்களும் தினமும் பதில் எழுதினீர்கள், ஏனென்றால் உங்களுக்கும் அப்போது வேறு வேலை இல்லை. அப்புறம் பதில் நின்றுபோனது. அவர் 'பனி எங்கே' என்று கேட்பதை நான் அப்படித்தான் படிக்கிறேன். ஒரே ஒரு முறை, பெயர் சொல்லி, சுருக்கமாக எழுதுங்கள்: உங்கள் கடிதங்கள் அன்றைக்கு எங்களைத் தாங்கின, இப்போது தினமும் பதில் எழுத முடியாத நிலை, இந்தக் கேம் உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் எங்களுக்கு வருத்தம்தான். அதற்கு மேல் வாதம் வேண்டாம். அதன் பிறகும் வசை தொடர்ந்தால், முக்கியமாக உங்கள் குழுவில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதுகிற மாதிரி தொடர்ந்தால், அன்றைக்கே தடை போட்டுவிடுங்கள். பழைய அன்பு, இன்றைய வசவுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. இதில் தயங்காதீர்கள், அவளிடம் கேட்டுக்கொண்டும் நிற்காதீர்கள்.

அப்புறம், ராத்திரி படுக்கையில் போனில் ரிவ்யூ படிப்பதை நிறுத்துங்கள். மூன்று பேரில் யார் மனதில் அதிகம் ஏற்றிக்கொள்ளாத ஆளோ, அவர் வாரம் ஒரு நாள், பகலில், படித்து ஒரு பக்கத்தில் எழுதி மற்றவர்களுக்குக் கொடுக்கட்டும். ஸ்டீமில் ஒவ்வொரு ரிவ்யூவோடும் அவர் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று இருக்கிறது, அதையும் சேர்த்துக் குறிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் வெளியேறியவருக்கும் முப்பது மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திட்டுபவருக்கும் ஒரே பதில் ஆகாது. முன்னவர் உங்கள் பக்கத்தைப் பார்த்து ஏமாந்தவர். பின்னவரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கேமில் நிஜமாக என்ன குறை என்பது அவருக்குத்தான் தெரியும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைத் தாண்டித்தானே போகிறீர்கள். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ, நூறு படத்துக்கு மேல் எடுத்தது. புராணக் கதையில் ஆரம்பம். 1938இல் மலையாளத்தின் முதல் பேசும் படத்தை எடுத்தது சேலத்துக் கம்பெனி. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். அறுபதுகளில் துப்பறியும் படங்கள், கார் துரத்தல், துப்பாக்கி. புராணப் படம் பார்க்க வந்தவர் துப்பாக்கிப் படத்தைப் பார்த்து, 'முனிவர் எங்கே' என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சுவரொட்டியில் துப்பாக்கி இருந்திருக்கும். பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுத்திருப்பார்கள். உங்கள் சுவரொட்டியில்தான் முனிவர் நிற்கிறார்.

தமிழ் வீட்டுச் சமையலை வைத்து டொரன்டோவில் ஒரு குழு செய்த வெண்பா கேமை நீங்கள் விளையாடியிருப்பீர்கள். 2023இல் வந்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுகக் கேமுக்கான விருது வாங்கியது. அதன் பக்கத்தில் எழுதியிருப்பது, இது கதையோடு கூடிய சமையல் கேம், 1980களில் கனடாவுக்குக் குடிபோகும் ஓர் இந்தியத் தாயாக நீங்கள் விளையாடுவீர்கள் என்பது. வாளும் வில்லும் தேடி வந்தவர் அந்த வரியிலேயே திரும்பிப் போயிருப்பார். போனால் போகட்டும். அவர் வாங்காததால் உங்களுக்கு ஒரு விற்பனை நஷ்டம். வாங்கி ஏமாந்தால் ஒரு விற்பனையோடு ஒரு கெட்ட ரிவ்யூவும் நஷ்டம்.

உங்கள் பக்கத்தில் என்ன எழுதுவது? இதற்கு எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் கேம்களின் அடையாளம் பனி என்று ரசிகர்கள் நினைக்கிறார்கள், நீங்களும் நம்பிவிட்டீர்கள். இல்லை. பனி கேமில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, ஹாரனைக் கேட்டு ஏற வேண்டும். பட்டறையில் கோணல் கண்ணுக்குத் தெரியாது, தெருவில் அந்தப் பெண் நடக்கும்போதுதான் காதில் விழும். நீங்கள் செய்வது காதால் விளையாடும் கேம். இதை உங்கள் பக்கத்தில் எங்குமே நீங்கள் சொல்லவில்லை! சூப்பர்ஜயண்ட் என்ற அமெரிக்க ஸ்டுடியோவைப் பாருங்கள். 2011இல் பாஸ்டியன், 2020இல் ஹேடீஸ். நடுவில் வந்த இரண்டும் சேர்த்து ஒவ்வொன்றும் வேறு உலகம், வேறு விதிகள். ஆனால் இசை அதே ஆளுடையது, பின்னணியில் கேட்கிற குரல் பழகிய குரல். அந்த நாலுக்கும் அவர்களுடைய ரசிகர்கள் அடுத்ததும் முன்னது மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை; எது மாறாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் வரியில் பயணத்தை எடுத்துவிட்டு, ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், இது காதால் விளையாடுவது, தப்பு செய்தால் திருத்த முடியாது என்று எழுதுங்கள். ஜன்னலை மூடிவிட்டு ஒரு கொலுசை வையுங்கள்.

இருவர் விளையாட்டைப் பற்றி மூன்று பேரும் உட்கார்ந்து ஒரே நாளில் முடிவெடுங்கள். செய்வதென்றால் மற்றதெல்லாம் அப்புறம். என் அபிப்பிராயம், அது இந்தக் கேமைக் கெடுக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் தப்பை அவர் தலையில் போட்டுவிடலாமே, அந்த வெட்கம் எங்கே வரும்? செய்வதில்லை என்றால் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுங்கள். இப்படி:

'இருவர் சேர்ந்து விளையாடும் வசதி வரும் என்று எழுதியிருந்தோம். வராது. எழுதியது எங்கள் தவறு. அதற்காகவே வாங்கியவர்கள் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். கெடு தாண்டியிருந்தாலும் இந்த அறிவிப்பைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, இந்தக் கேமில் மலை ஏற முடியாது. ஜன்னல் வெறும் ஜன்னல்தான்.'

வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பொதுவாகக் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பிவிடும். அதைத் தாண்டியவர்கள் கேட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் வால்வ் கையில், உங்கள் கையில் இல்லை. அதனால் 'நாங்கள் திருப்பித் தருகிறோம்' என்று இன்னொரு வாக்கைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த நாலைந்து பேருக்கும் அவரவர் ரிவ்யூவுக்குக் கீழேயே தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். பொது அறிவிப்பைக் காட்டிக் கைகழுவ வேண்டாம்.

பனி இரண்டாம் பாகம் பற்றி உங்கள் நண்பரோடு சண்டை போடாதீர்கள். அவர் சொல்வதில் வாடகைக் கவலை இருக்கிறது, அது நியாயமான கவலை. அமெரிக்காவில் டபுள் ஃபைன் என்ற ஸ்டுடியோ, பெரிய வேலையை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு மாதிரி கேம் செய்து பார்க்கும் வழக்கத்தை வைத்திருந்தது. 2012இல் எதைச் செய்யலாம் என்று ரசிகர்களையே காசு கொடுத்து வாக்களிக்கச் சொன்னார்கள். நீங்களும் நண்பருக்கு இரண்டு வாரம் கொடுங்கள். பனி மலையில் புதிதாகச் சொல்ல அவரிடம் ஏதாவது இருக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். இருந்தால் மற்ற இருவரும் தானாகவே அவர் திரைப்பக்கம் நகர்ந்து போவீர்கள். இல்லாவிட்டால் அவருக்கே தெரியும், நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விடாதீர்கள். படம் போடாதீர்கள். சிரிப்புப் பொம்மை போடவே போடாதீர்கள்.

அப்பாவுக்கு என்னிடம் பதில் இல்லை. காப்பியைப் பற்றி அவர் சொன்னது சரிதான், மூன்று நாலு வருஷத்தில் காய்க்க ஆரம்பித்துவிடும். ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் இளைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும், அதை அவர் வாயாலேயே ஒருநாள் சொல்லவையுங்கள். அதற்குள் கையில் எத்தனை மாத வாடகை இருக்கிறது என்று எண்ணி அவரிடம் நிஜமான எண்ணைச் சொல்லிவிடுங்கள். ரசிகர்களிடம் வைத்துக்கொள்ள வேண்டிய அதே கணக்கு வழக்கு வீட்டிலும்.

பக்கத்தை மாற்றியதும் ஒரு வரி எழுதுங்கள், பார்க்கிறேன். இன்னொன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். பதினாலாவது வளைவில் நிற்கிற அந்த லாரி மட்டும் ஏன் ஹாரன் அடிப்பதே இல்லை? உள்ளே டிரைவர் இருக்கிறாரா, இல்லையா? வேண்டாம், சொல்லிவிடாதீர்கள். ஆனால் இரண்டாம் பாகம் என்று ஒன்று வந்தால், அந்த லாரிக் கதவைத் திறக்க முடியுமா என்று முதல் ஆளாக வந்து கேட்கப்போவது நான்தான்.

அன்புடன்,
அக்கா